தளத்தினுள் வடங்களும் தமிழபிமானிகளின் மௌனமும்

"கொங்கிறீற்றுக் காடு" என்பது பல்கலைக்கழகத் தமிழ் மலர்களிலே அடிக்கடி தலைகாட்டும் தொடர்களுள் ஒன்று. ஹந்தானை மலைச்சாரலைப் பாடப் புகும் இளங்கவிஞன் முதலிலே பனிமூட்டத்தைப் பாடுவான். அடுத்து மகாவலியைப் பாடுவான். ஈற்றிலே கண்டி நகரின் சரிவுகளில் எழும் மாடிக் கட்டடங்களைக் கண்டு கொதித்தெழுந்து, அவற்றை உயிரற்ற கல்லென்று சபித்துக் கவிதையை முடிப்பான். அக்கவிதைகளின் தரத்தை ஈண்டு ஆராய வேண்டியதில்லை. ஆயினும், உயிரற்ற கல் என்ற தீர்ப்புப் பிழையானது. இன்று கட்டப்படும் உயர் கட்டடங்கள் பலவற்றின் தளங்களுக்குள்ளே உருக்கு வடங்கள் இழுத்துப் பூட்டப்பட்டுள்ளன. எசல பெரஹராவில் நடந்து வரும் பெரிய ஆண் யானைகள் மூன்றின் நிறையை ஒத்த விசை, சுண்டுவிரலினும் மெலிந்த ஒவ்வோர் இழையிலும், இரவும் பகலும் ஓயாது நிற்கிறது. அத்தளத்தின் கீழே உறங்கும் குடும்பத்துக்கு இது தெரியாது. வடத்தை இழுத்த இளைஞனுக்கும், தான் செய்தது இன்னதென்று அவனுடைய மொழியிலே ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார். சொல்லைத் தொழிலாகக் கொண்ட கலைப்பீடத்துத் தமிழ் மாணவனோ சபித்துவிட்டுப் போய்விட்டான்.

கொங்கிறீற்று நெருக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவை வலிமை நெருக்கல் வலிமையின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கேயாகும். பாரத்தைச் சுமக்கும் தளம் கீழ்நோக்கி வளையும்போது அதன் அடிப்புறம் இழுபடுகிறது, இழுபடுமிடம் வெடிக்கிறது. பழைய கட்டடக்கலை இந்த இடரை வளைவினால் வென்றது. 1833 இல் ஜோன் பிரேசர் என்ற படையதிகாரியின் திட்டப்படி பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே அமைக்கப்பட்ட முதிரை மரப்பாலம் 205 அடி அகலத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்றது. வளைவிலே உறுப்புகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்குமேயன்றி இழுப்பதில்லை. தட்டையான தளத்துக்கு அந்த வசதி கிடையாது. எனவே அதற்கு வேண்டிய நெருக்கலை வெளியிலிருந்து முன்கூட்டியே ஊட்டிவிடுதல் என்ற எண்ணம் பிறந்தது. வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் கட்டும் கொல்லன் இவ்வெண்ணத்தை நன்கறிவான். பட்டத்தைக் காய்ச்சி விரியச் செய்து மரச் சில்லின்மீது ஏற்றித் தண்ணீர் ஊற்றுவான்; குளிர்ந்து சுருங்கும் பட்டம் மரத்துண்டுகள் அத்தனையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நூலகத்திலே பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி இரு கைகளாலும் இருபுறத்தே அழுத்தித் தூக்குபவனும் இதையே செய்கிறான். அழுத்தம் தளர்ந்தால் நடுப் புத்தகம் விழும்.

எண்ணம் எளிது, நிறைவேற்றம் எளிதாக இருக்கவில்லை. கொங்கிறீற்று நாட்பட நாட்படச் சுருங்கும். பாரத்தின்கீழ் மெல்லமெல்ல ஊர்ந்து குறுகும். பிரெஞ்சுப் பொறியியலாளரான யூஜின் பிரெய்சினே, லெ வேர்த்ர என்னுமிடத்தில் தாம் அமைத்த பாலத்தின் வளைவுகள் கட்டி முடித்தபின் தொடர்ந்து தாழ்ந்து செல்வதைக் கண்டு, வளைவுகளின் உச்சியில் ஜக்குகளைச் செருகி அவற்றை மீள உயர்த்தினார். சாதாரண இரும்புக் கம்பியிலே ஏற்றக்கூடிய சிறிய இழுவையை இவ்வூர்வு முழுவதுமாகத் தின்றுவிடும் என்பதும், மிக உயர்ந்த வலிமையுடைய உருக்கை மிகப் பலமாக இழுத்தால் மாத்திரமே இழப்புப் போக எஞ்சியது பயன் தரும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். 1928 இல் அவர் பெற்ற காப்புரிமை இதன்மேல் எழுந்தது. இலங்கையில் முன்தகைத்த கொங்கிறீற்றுக்கு முன்னோடியாக விளங்கியவர் ஏ. என். எஸ். குலசிங்க. அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகவும் இருந்தவர். கொழும்புக் கோள்மண்டலம், களுத்துறையின் உள்வெறுமையான தாதுகோபம் ஆகியன அவருடைய ஆக்கங்கள். கொத்மலை மலையுச்சியின் மகாவலி மகாசேயவும் அவர் வடிவமைத்ததே. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் தமிழ் மாணவர் பலர் அதைப் பேருந்து யன்னலூடே பார்த்திருப்பர். அவ்வளவு பெரிய ஓடு எவ்வாறு நிற்கிறது என்று கேட்டவர் எத்தனை பேர்?

இனி, வடம் இழுக்கப்படும் முறையைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வாதம் முழுவதும் அதிலேயே தங்கியுள்ளது.

பின்னிழுவைத் தளத்திலே, கொங்கிறீற்று ஊற்றுவதற்கு முன்னர் நெளிதகட்டாலான தட்டைக் குழாய்கள் பலகைத் தட்டின்மேல் பரப்பப்படும். அவை நேராகக் கிடப்பதில்லை. தூண்களுக்கு மேலே உயர்ந்தும் தூண்களுக்கு நடுவே தாழ்ந்தும், இரு கம்பத்திடையே தொங்கும் கொடிக்கயிறு போல வளைந்து செல்லும். இழுக்கப்பட்ட வடம் நேராக நிமிர முயலும். அம்முயற்சியாலே நடுப்பகுதியை மேல்நோக்கித் தூக்கும். தளத்தின் பாரத்தில் ஒரு பங்கை வடமே ஏந்திக்கொள்வது இதனாலேதான். ஆகவே குழாயின் உயரம் ஓரிடத்தில் இரண்டு சென்ரிமீற்றர் பிழைத்தாலும், கடதாசியிற் கணக்கிட்ட தூக்கல் தளத்திலே கிடைக்காது. குழாய்களைத் தாங்கும் சிறு கம்பிக் கதிரைகளை உயர அளவு பார்த்து வைக்கும் வேலையாளே இவ்வுயரத்தைத் தீர்மானிக்கிறான். பட்டம் பெற்றவர் எப்போதும் அவனருகில் நிற்பதில்லை.

ஒவ்வொரு குழாயினுள்ளும் மூன்று முதல் ஐந்து வரையான இழைகள் ஓடும். ஓரிழை என்பது ஏழு உருக்குக் கம்பிகளை முறுக்கிய 12.7 மில்லிமீற்றர் வடம். ஒரு முனை கொங்கிறீற்றினுள் நங்கூரமிடப்பட்டுப் புதைந்துவிடும். மறுமுனை தளத்தின் விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஊற்றிய மறுநாளே சிறிதளவு இழுப்பதுண்டு. சுருக்க வெடிப்புகளைத் தடுப்பதற்காகும். முழு இழுவைக்கோ, மாதிரிக் கட்டிகளை நொறுக்கிப் பார்த்து, குறித்த வலிமை வந்துவிட்டதென்று உறுதிசெய்தல் வேண்டும். இளங் கொங்கிறீற்றை அவசரப்பட்டு நெருக்கினால் நங்கூரத்தைச் சுற்றிய பகுதி பொடிந்துவிடும். பின்னர் வெளிமுனையிலே துளையுள்ள நங்கூரத் தலையைப் பொருத்தி, ஒவ்வோரிழையையும் சுற்றிப் பற்களுள்ள ஆப்புகளைச் செருகி, இழையில் நிறப்பூச்சால் ஓர் அடையாளம் இட்டு, நீரழுத்த ஜக்கினால் இழுப்பர். உரிய விசை வந்ததும் ஜக்குத் தளர்த்தப்படும்; இழை பின்வாங்க முனையும்; அது ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் உள்ளே செல்ல, ஆப்பு அதைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். தேர்வடம் பிடிப்போர் இழுத்து முடிந்தபின் கயிற்றை விட்டுவிடுகின்றனர். இங்கே பிடித்த பிடி கட்டடம் உள்ளளவும் விடப்படுவதில்லை.

இழுத்தது சரியா என்பதை எவ்வாறு அறிவது? அழுத்தமானியின் முள் ஒரு சாட்சி, அது பழுதுபட்டிருக்கலாம். இரண்டாவது சாட்சி, நிறப்பூச்சு அடையாளம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது. முப்பது மீற்றர் நீளமான இழையை 140 கிலோநியூற்றன், அதாவது ஏறத்தாழ 14 தொன், விசையால் இழுக்கும்போது அது எவ்வளவு நீளும் என்று கணிக்க உயர்தர வகுப்புப் பௌதிகம் போதும். தகைப்பை விகாரத்தால் வகுத்தால் யங்கின் மட்டு. இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய 100 சதுர மில்லிமீற்றர். உருக்கின் மட்டு சதுர மில்லிமீற்றருக்கு 195,000 நியூற்றன். விடை 215 மில்லிமீற்றர். குழாயின் உராய்வைக் கழித்தால் 200 ஐ அண்டும். அளந்த நீட்சி இதிலும் வெகுவாகக் குறைந்தால், குழாய் நசுங்கியிருக்கலாம், அல்லது ஊற்றும்போது கொங்கிறீற்றுப் பால் உள்ளே புகுந்து இறுகியிருக்கலாம். முள் காட்டிய விசை மறுமுனையைச் சென்றடையவில்லை என்பது பொருள். வெகுவாகக் கூடினால், புதைந்த நங்கூரம் நழுவியிருக்கலாம், அல்லது கம்பியொன்று அறுந்திருக்கலாம். அமெரிக்க விதிக்கோவை கணித்ததற்கும் அளந்ததற்குமிடையே நூற்றுக்கு ஏழு வரையான வேறுபாட்டையே பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேற்பட்டால் வேலையை நிறுத்திக் காரணம் தேடவேண்டும். பதிவேடு பொறியியலாளரால் ஏற்கப்படும்வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை வெட்டுதல் ஆகாது. வெட்டியபின் மீள இழுத்துப் பார்க்க வழியில்லை. இறுதியில் குழாயினுள் சீமெந்துக் கூழ் செலுத்தி நிரப்பப்படும்.

ஆகவே ஒரு தளத்தின் நேர்மை ஒரு பதிவேட்டின் நேர்மையாகும். அப்பதிவேட்டிலே கணித்த நீட்சிக்கு ஒரு நிரலும் அளந்த நீட்சிக்கு ஒரு நிரலும் உண்டு. அளவுகோலைப் பிடிப்பவன் பெரும்பாலும் கீழ்நிலைத் தொழிலாளி. அந்த எண்ணின் பொருள் அவனுக்குத் தெரியாவிட்டால், முதல் நிரலைப் பார்த்து இரண்டாம் நிரலை எழுதிவிடும் சோம்பல் எந்த வேலைத்தளத்திலும் நுழைந்துவிடக்கூடியது. அது பொய்யென்றுகூட அவன் உணரான். இழுக்கும் வேளையில் ஜக்கின் பின்னால் நிற்கலாகாது என்ற விதியும் இத்தகையதே. இழையோ ஆப்போ விட்டால் அது துப்பாக்கிக் குண்டாகப் பின்னோக்கிப் பாயும். இந்த எச்சரிக்கை இயந்திரத்தின் பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தோட்டப்புறத்துப் பாடசாலையை இடையிலே விட்டு, கண்டிக்கும் கொழும்புக்கும் கட்டட வேலை தேடி வந்த மலையக இளைஞன் அதை வாசித்தறிவான் என்று கருதுவது எவ்வகை நியாயம்? மாத்தளையிலிருந்தோ கேகாலையிலிருந்தோ வரும் சிங்களத் தொழிலாளியும் அதே நிலையில்தான் இருக்கிறான்.

இந்த இடத்திலே தமிழபிமானிகளின் குரல் கேட்கவேண்டும், கேட்பதில்லை. தஞ்சைப் பெருங்கோயிலின் விமானக் கல் எவ்வாறு ஏற்றப்பட்டது, கல்லணை எவ்வாறு நின்றது என்பவை பற்றிய கட்டுரைகளுக்குத் தமிழ்ச்சங்க மலர்களிலே என்றும் குறைவிருந்ததில்லை. ஆயிரமாண்டுக்கு முந்திய கல்லின் பாரத்தைக் கணக்கிடும் ஆர்வம், தலைக்கு மேலேயுள்ள தளத்தின் பாரத்தைக் கேட்கும்போது வற்றிவிடுகிறது. பேராசிரியர் அழகையா துரைராஜாவின் பெயரால் நினைவுக் கூட்டங்கள் நடக்கின்றன. அவருடைய எளிமையும் இனப்பற்றும் புகழப்படுகின்றன. 1963 இல் கேம்பிரிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண்ணின் நெகிழ்வு பற்றி அவர் எழுதிய ஆய்வு மண்பொறியியலின் அடிக்கற்களுள் ஒன்று. அது என்ன கூறுகிறது என்று பத்து வரி தமிழில் எழுதியவரைத் தேடவேண்டியுள்ளது. புகழ்வதற்கு மாத்திரம் அறிஞர் தேவைப்படுகின்றனர் போலும்.

தமிழிலே இவற்றைச் சொல்ல முடியாது என்பது பொறியியல் மாணவர் தரப்பின் வழமையான மறுப்பு. இம்மறுப்பைக் கூறும் தமிழ் மாணவர் பலர் தகைப்பு, விகாரம், இழுவை, யங்கின் மட்டு என்ற சொற்களைக் கொண்டே பரீட்சை எழுதி, அதிலே சிறந்த பெறுபேறு பெற்றுத்தான் பொறியியற்பீடத்தின் வாயிலை மிதித்தவர்கள். உள்ளே நுழைந்த முதல் மாதத்திலேயே அச்சொற்கள் திடீரென இயலாதனவாகிவிடுவது விந்தை. மானிப்பாயிலே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். மனித உடலின் நரம்பையும் தசையையும் பெயரிட முடிந்த மொழிக்கு ஆப்பையும் நங்கூரத்தையும் பெயரிடவா முடியாது? அவை இரண்டும் ஏற்கெனவே தமிழ்ச் சொற்கள், வடமும் அப்படியே.

பொறியியல் உலகப் பொதுவான கலை, அதன் மொழி ஆங்கிலம், அதைக் குலைத்தால் மாணவரே பாதிக்கப்படுவர் என்ற வாதத்துக்கு ஓரளவு வலுவுண்டு. பீடத்தின் போதனாமொழியை மாற்றும்படி ஈண்டு எவரும் கேட்கவில்லை. வடிவமைப்பு ஆங்கிலத்தில் நடக்கட்டும். வடிவமைப்பு ஒரு மேசையில் நடக்கிறது. இழுப்பு ஐந்தாம் மாடியின் விளிம்பிலே மழைக்கு நடுவே நடக்கிறது. முன்னதன் மொழி பின்னதன் மொழியாகவும் இருந்தே தீரவேண்டும் என்பதற்கு எந்த இயந்திரவியல் விதியும் இல்லை. சட்டத்தையும் இங்கே நம்பியிருக்க இயலாது. 1987 இன் 13ஆம் திருத்தமும் 1988 இன் 16ஆம் திருத்தமும் தமிழுக்கு அரசகரும மொழி, நிருவாக மொழி என்ற நிலையைத் தந்தன; ஆனால் அவை தனியார் வேலைத்தளத்தின் தகரவேலிக்குள் நுழைந்து பதிவேட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

அறிவு ஓர் அறைக்குள் பூட்டப்பட்டால் நேர்வது என்ன என்பதற்கு ஒரு பல்கலைக்கழகமே உதாரணம். மயாமியில் புளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்காக எட்டு நிரை வீதியொன்றுக்கு மேலே நடைபாலம் கட்டப்பட்டது. அதன் ஒரு முனையிலே பெரிய வெடிப்புகள் தோன்றின. 2018 மார்ச் 15 காலையிலே பொறியியலாளர்கள் கூடி அவ்வெடிப்புகளைப் பற்றிப் பேசினர். ஆபத்தில்லை என்று கொள்ளப்பட்டது. அதே நாள் பிற்பகல், சாய்வுறுப்பொன்றின் உள்ளேயிருந்த உருக்குக் கோல்களைத் தொழிலாளர் மீள இழுத்துக்கொண்டிருந்த வேளையில் பாலம் வீழ்ந்தது. ஆறு பேர் மாண்டனர்; அவர்களுள் ஒருவர் தொழிலாளி, ஏனையோர் கீழே வாகனங்களில் இருந்தோர். வடிவமைப்புக் கணக்கின் பிழையே மூலகாரணம் என்று விசாரணை கண்டது. வீதியை மூடாமல் விட்டதும் கண்டிக்கப்பட்டது. அங்கே மொழித்தடை ஒன்றும் இருக்கவில்லை. அறையில் இருந்தோர் அறிந்தது வீதியில் இருந்தோரைச் சென்றடையவில்லை; அவ்வளவுதான். அத்தகைய அறைக்கு இரண்டாவது பூட்டாக அந்நிய மொழியொன்றையும் சேர்த்தால் நிலை எப்படியிருக்கும்?

உடனே வீழ்ந்தால் காரணமாவது தெரியும். வேல்சிலே இனிஸ்-இ-குவாஸ் பாலம் 1953 இல் கட்டப்பட்டு, 1985 டிசம்பர் 4 அன்று முன்னறிகுறி எதுவுமின்றி இடிந்தது. துண்டுகளின் பொருத்துகளூடே புகுந்த நீர் உள்ளிருந்த வடங்களை அரித்துவிட்டது. வெளியிலே பார்த்தவர் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. கோவாவிலே மாண்டவி ஆற்றுப் பாலம் 1986 ஜூலையில் வீழ்ந்ததற்கும் வடங்களின் அரிப்பே காரணமாகக் கூறப்பட்டது. பிரித்தானியா 1992 இல் கூழ் செலுத்திய பின்னிழுவைப் பாலங்களைப் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தி வைத்து, முறைகளைத் திருத்திக்கொண்டு 1996 இல் மீளத் தொடங்கியது. கட்டடத் தளம் பாலத்தைப் போல வெயில்மழையில் நனைவதில்லை என்பது மெய். ஆயினும் மாரியும் பனியும் ஈரச் சுவர்களும் கொண்ட கண்டி போன்ற ஊரிலே, கூழ் பாதியில் நின்றுபோன குழாய் ஒன்று தளத்தின் விளிம்பிலே கிடந்தால் அது எத்தனை ஆண்டு பொறுக்கும் என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

கண்டிக்கு இம்முறை பொருந்திவருவதற்கும் காரணம் உண்டு. ஒன்பது மீற்றர் இடைவெளிக்குச் சாதாரணத் தளம் ஏறக்குறைய முந்நூறு மில்லிமீற்றர் தடிப்பை வேண்டும்போது, வடமிழுத்த தளம் இருநூறை ஒட்டி அமையும். 1988 இல் உலக மரபுரிமையாகப் பிரகடனமான நகரத்தைச் சூழ உயரக் கட்டுப்பாடுகள் உள்ளன. மாடிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் மிஞ்சுவது கட்டுவோருக்கு ஆசை காட்டும். சரிவிலே பாரம் குறைவது நன்மையும் ஆகும். இம்முறையைத் தூற்றுவதற்கு எதுவுமில்லை. நன்றாகச் செய்தால் சிறந்த முறை. 2020 செப்டெம்பர் 20 அதிகாலை புவெலிகடவில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து அயல்வீட்டின்மேல் வீழ்ந்து, பெற்றோரும் கைக்குழந்தையும் மாண்டபோது, பேசப்பட்டவை நிலமும் கட்டிய முறையுமேயன்றி வடங்கள் அல்ல. ஆனால் மாண்டவர் அக்கட்டடத்தின் சொந்தக்காரரல்லர், அயலவர் என்பதை மறத்தலாகாது. ஒரு கட்டடத்தைப் பற்றி அறியும் உரிமை அதற்குப் பணங் கொடுத்தவருக்கு மாத்திரம் உரியதன்று.

கட்டி முடித்தபின்னரும் ஆபத்துத் தொடர்கிறது. கண்டியிலே கட்டடங்கள் ஒரே பயனோடு நிற்பதில்லை. வீடு விடுதியாகும், கடை தனியார் வகுப்பாகும். குளியலறையொன்று புதிதாக வேண்டும். குழாயிறக்கத் தளத்திலே துளை வேண்டும். துளைகருவியுடன் வருபவனுக்கு எந்த இடத்தில் வடம் ஓடுகிறதென்று யார் சொல்வது? காணி உறுதியிலே வடக்கெல்லை, கிழக்கெல்லை, பேர்ச்சுக் கணக்கு, நிற்கும் பலாமரம் யாவும் தவறாது எழுதப்படுகின்றன. தளத்தினுள் ஓடும் வடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கூழ் நன்கு நிரம்பிய குழாயாயின் அறுந்த வடம் சற்றுத் தள்ளி மீளப் பிடித்துக்கொள்ளும். நிரம்பாவிட்டாலோ, கிறீஸ் பூசி உறையிட்டுக் கூழின்றி விடப்படும் வகையாயினோ, ஓரிடத்து வெட்டு முனையிலிருந்து முனைவரை அவ்விழையைப் பயனற்றதாக்கிவிடும்.

ஆகவே கேட்கப்படுவன சில. இழுப்புப் பதிவேட்டின் தலைப்புகளும் பாதுகாப்பு விதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் அவை தொழிலாளருக்கு வாய்மொழியாகவும் விளக்கப்படல் வேண்டும். வடங்கள் ஓடும் பாதையைக் காட்டும் படமொன்று, இரு மொழியிலும், கட்டடத்தின் மின்பெட்டிக்கருகே நிலையாகப் பொருத்தப்படல் வேண்டும். காணி உறுதியோடும் அதன் பிரதியொன்று செல்லல் வேண்டும். இவற்றை மாநகர சபையிடமும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிடமும் கேட்பது தொழிற்சங்கங்களின் வேலை. சொற்களை ஆக்கிக் கொடுப்பதோ தமிழ்ச்சங்கத்தின் வேலை. அதற்கு நிதியோ அனுமதியோ வேண்டியதில்லை. கலைப்பீடத்துக்கும் பொறியியற்பீடத்துக்கும் இடையே ஆறு ஒன்று ஓடுகிறது. அதற்குப் பாலமும் இருக்கிறது. இரு கரையிலிருந்தும் மூவர் மூவராக வந்து, ஒரு வார இறுதியில், ஒரு பதிவேட்டுத் தாளை முன்னே வைத்துக்கொண்டு அமர்ந்தால் போதும். அதில் மொழிபெயர்க்க வேண்டிய சொற்கள் நாற்பதைத் தாண்டா. அவற்றுட் பாதி உயர்தரப் பாடநூலிலேயே கிடக்கின்றன.